மூன்று மே மாதங்களின் ஊர்: சேன் பியேருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

நான் முதல் முறை மார்த்தினிக் தீவில் உள்ள சேன் பியேருக்குப் போனபோது எங்களை ஏற்றிப்போன சுற்றுலா வேன் அங்கே நாற்பது நிமிடம்தான் நின்றது. இடிந்த நாடக அரங்கு, பக்கத்தில் ஒரு சிறை அறை, அவ்வளவுதான் காட்டினார்கள். படம் எடுத்தோம், ஏறிவிட்டோம். எரிமலை வெடித்துச் செத்துப்போன ஊர் என்ற ஒரு வரிதான் மனதில் தங்கியது.

அப்புறம் இரண்டு முறை தனியாகப் போய்த் தங்கினேன். காலையில் மீன் வாங்க வருகிறவர்களையும் சாயங்காலம் படகுத்துறையிலிருந்து கடலில் குதிக்கிற பிள்ளைகளையும் பார்த்த பிறகு, அந்த ஒரு வரி ஊருக்கு எவ்வளவு அநியாயம் செய்கிறது என்று புரிந்தது. அந்த ஊருக்கு ஒரு மே மாதம் இல்லை, மூன்று உண்டு. 1848 மே மாதம் அங்கே அடிமைகள் எழுந்து விடுதலையைப் பறித்தார்கள். 1853 மே மாதம் நம் பக்கத்து மக்களைக் கூலிக்கு ஏற்றி வந்த கப்பல் அங்கே நங்கூரம் போட்டது. 1902 மே மாதம் மலை வெடித்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் விசா, வழி, மாதம்

சேன் பியேர் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. இன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 4,000. தீவு பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். காசு யூரோ, பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். பிரான்ஸ்தானே என்று, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான சாதாரண ஷெங்கன் விசாவோடு இந்தியாவிலிருந்து கிளம்பிவிடாதீர்கள். மார்த்தினிக் ஷெங்கன் பகுதிக்குள் வராது. விசா விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிரான்ஸில் வசிப்பிட அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம். இறங்குவது தலைநகர் ஃபோர் த ஃப்ரான்ஸை ஒட்டிய லமாந்தேனில். அங்கிருந்து சேன் பியேர் காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கூடுமானவரை வாடகைக் கார் எடுங்கள். தலைநகரிலிருந்து பங்கு டாக்ஸி எனப்படும் சிறு வேன்கள் ஓடுகின்றன. காலையில் நிறைய இருக்கும், பிற்பகலில் குறைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நம்பவே முடியாது. இரண்டாம் முறை நான் ஞாயிறு மாலை சேன் பியேரில் மாட்டிக்கொண்டேன். கடற்கரையில் வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், மகனைக் கூப்பிட்டு என்னைத் தலைநகர் வரை கொண்டுபோய் விடச் சொன்னார். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனாலும் அதை நம்பி நீங்கள் திட்டம் போடக் கூடாது.

டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும். என்னைக் கேட்டால் மே மாதம்தான் போக வேண்டிய மாதம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மே 22 மார்த்தினிக் முழுதும் அடிமை ஒழிப்பு விடுமுறை; மே 8 பிரான்ஸின் போர் வெற்றி நாள் விடுமுறை, அதோடு சேன் பியேரில் மலை வெடித்ததன் நினைவு நாளும் கூட. அந்த இரண்டு நாளும் ஊர் உணர்ச்சியோடு இருக்கும், கடைகள் பூட்டியிருக்கும். தண்ணீரும் ரொட்டியும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யாரிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் "போன்ஜூர்" சொல்லுங்கள். கடைக்குள் நுழையும்போது, வேனில் ஏறும்போது, வழி கேட்கும்போது, எல்லா இடத்திலும். அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முகம் சுருங்கிவிடும். சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெற்கிலிருந்து நுழையுங்கள், மேட்டில் நில்லுங்கள்

கடற்கரைச் சாலை கார்பே ஊரைத் தாண்டியதும் பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கம் வழியாகப் போகும். கார்பேயில் 1887-ல் ஓவியர் போல் கோகேன் சில மாதங்கள் தங்கி வரைந்தார். அவர் பெயரில் அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

சேன் பியேருக்குள் இறங்குவதற்கு முன் தெற்கு மேட்டில் கடலைப் பார்த்தபடி வெள்ளை மாதா சிலை ஒன்று நிற்கிறது. கட்டாயம் அங்கே வண்டியை நிறுத்துங்கள். ஊரின் முழு அமைப்பும் அங்கிருந்து ஒரே பார்வையில் பிடிபடும். கீழே அரைவட்டமாய்க் கடற்கரை, அதை ஒட்டி நீளமாய் இரண்டு மூன்று தெருக்கள், பின்னால் செங்குத்தான மேடு, வடக்கே பெலே மலை. பெலே என்றால் மொட்டை என்று பொருள். உயரம் 1,397 மீட்டர். உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். காலை ஏழு மணிக்கு வந்தால் சில நேரம் திறந்து காட்டும்.

கடலையும் கவனியுங்கள். இங்கே துறைமுகச் சுவர் எதுவும் இல்லை. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே ஆழம் விழுந்துவிடுவதால், அந்தக் காலத்துக் கப்பல்கள் கரைக்கு மிக அருகே நங்கூரம் போட முடிந்தது. சர்க்கரையும் ரம்மும் ஏற்ற இதைவிட வசதி வேண்டியதில்லை. 1635-ல் பியேர் பெலேன் தெஸ்னாம்புக் இங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதிலிருந்து 1902 வரை தீவின் வியாபாரமெல்லாம் இந்தக் கரையில்தான். ஆட்சி ஃபோர் த ஃப்ரான்ஸில் நடந்தது. பணமும் பத்திரிகையும் நாடகமும் இங்கே இருந்தன. அண்டிலீஸ் எனப்படும் கரீபியத் தீவுகளின் குட்டிப் பாரிஸ் என்று பெயர் எடுத்த ஊர் இது. அந்தப் பணம் யாருடைய உழைப்பில் வந்தது என்பதை இந்த மேட்டிலேயே ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு இறங்குங்கள்.

படகுத்துறை: 1853

ஊருக்குள் வந்ததும் நேரே இடிபாடுகளுக்கு ஓடாதீர்கள். நடுவில் உள்ள சிறு படகுத்துறைக்குப் போங்கள். தென்பகுதிக்கு முய்யாஜ் என்று பெயர். நங்கூரம் போடும் இடம் என்று அர்த்தம்.

1853 மே 6 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தக் கரைக்கு முன்னால் வந்து நின்றது. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஏற்றிய முன்னூற்றுச் சொச்சம் பேர் அதில் இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் குறைந்த கூலியில் ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். அடுத்த முப்பது வருடத்தில் இப்படி ஏறத்தாழ 25,000 பேர் மார்த்தினிக் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர். பலர் திரும்பவில்லை.

நான் அந்தத் துறையின் மரப்பலகையில் உட்கார்ந்து கரையைப் பார்த்தேன். மணல் வெள்ளை இல்லை. எரிமலை மணல், சாம்பல் கலந்த கறுப்பு. பலகை இடுக்கில் தண்ணீர் தெளிவாய்த் தெரிந்தது, கொஞ்ச தூரத்திலேயே கருநீலமாகிவிட்டது. மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து வந்தவர்கள் முதலில் பார்த்தது இந்தக் கறுப்பு மணலையும் அந்த மொட்டை மலையையும்தான்.

அங்கிருந்து சந்தைக்கு நடங்கள். காலை வேளைதான் சரி; மதியத்துக்குள் பாதிக் கடை காலியாகிவிடும். மசாலா விற்கும் அம்மாவிடம் "கொலம்போ" என்று கேளுங்கள். சிறு பொட்டலத்தில் மஞ்சள் பொடி தருவார். பிரித்து முகர்ந்தேன்: கொத்தமல்லி, மஞ்சள், கடுகு, பூண்டு. நம் வீட்டுக் குழம்புப் பொடியிலிருந்து மிளகாயைக் குறைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. குழம்பு என்ற சொல்லிலிருந்தே பெயர் வந்தது என்கிறவர்களும் உண்டு, கொழும்பு நகரத்தின் பெயர் என்கிறவர்களும் உண்டு. இன்று அது மார்த்தினிக்கின் பொதுச் சமையல். ஆட்டுக்கறிக் கொலம்போ, கோழிக் கொலம்போ எந்தச் சிறு உணவுக்கடையிலும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அதையே கேளுங்கள். அதற்கு முன்னால் அக்ரா வாங்கிக் கொறிக்கலாம். உப்புக் கருவாட்டு மீனை மாவில் கரைத்துச் சுடுகிற சின்ன வடை.

சாப்பாட்டு நேரம் கறாரானது. பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும்.

தெருக்கள்: 1848

முய்யாஜிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒடுக்கமான படிக்கட்டுத் தெரு ஒன்று இருக்கிறது. மோந்த் ஓ சியேல், அதாவது வானத்துக்கு ஏறும் தெரு. நடுவில் தண்ணீர் ஓடக் கல்வாய்க்கால், இரு பக்கமும் பழைய சுவர்கள். காலணி வழுக்கும், மழைக்குப் பிறகு பார்த்து ஏறுங்கள். பழைய ஊரின் நெரிசலை உடம்பில் உணர இதுபோல வேறு இடம் இல்லை.

1848-க்கு என்று பெரிய இடிபாடு எதுவும் இல்லை. அதனாலேயே வேன்கள் அதைச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. கதை இதுதான். அந்த வருடம் ஏப்ரல் 27 அன்று பாரிஸில் அடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் ஆணை கப்பலில் வந்து சேரவில்லை. சேன் பியேருக்கு வடக்கே ப்ரெஷேர் ஊரில் ரொமேன் என்ற அடிமை, எஜமானர் தடுத்தும் மேளம் அடித்தார். அவரைப் பிடித்துக் கொண்டுவந்து சேன் பியேர் சிறையில் அடைத்தார்கள். சுற்றுத் தோட்டங்களிலிருந்து மக்கள் வேலையை விட்டுத் திரண்டார்கள். நகராட்சியில் பொறுப்பில் இருந்த பொரி பாப்பி அவரை விடுவித்தார். ஆனால் திரும்பும் கூட்டத்தின் மீது ப்ரெஷேரில் சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். மே 22 அன்று சேன் பியேர் கொதித்தெழுந்தது. மறுநாள் ஆளுநர் ரொஸ்தொலான், பாரிஸ் ஆணைக்குக் காத்திராமல் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்தார். ஆணை ஜூன் தொடக்கத்தில்தான் கப்பலில் வந்தது.

விடுதலையை யாரும் கொடுக்கவில்லை, நாங்களே எடுத்தோம் என்று மார்த்தினிக் மக்கள் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு வாரம். மே 22 சாயங்காலம் அங்கே இருந்தால் மேளம் கேட்கும். பேலே என்பார்கள்; மேளத்தைத் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் உட்கார்ந்து ஒருவர் கையால் அடிப்பார், பின்னால் இன்னொருவர் குச்சியால் தட்டுவார். மலையின் பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு மேளத்துக்காகத் தொடங்கிய போராட்டம் என்று தெரிந்துகொண்டு கேட்டால், அந்தத் தாளம் வேறு மாதிரி இறங்கும்.

இடிபாடுகள்: 1902

மதிய வெயில் தணிந்ததும் இதற்கு வாருங்கள். முதலில் விக்டர் ஹியூகோ தெருவில் உள்ள நினைவு அருங்காட்சியகம். எரிமலைகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஃப்ராங்க் பெரே 1933-ல் தொடங்கியது. 2019-ல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். சிறிய இடம்தான், அவசரப்படாதீர்கள்.

உள்ளே ஒரு தேவாலய மணி இருக்கிறது. வெண்கல மணி, கையால் பிசைந்த மாவு போல நசுங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு கொத்து ஆணிகள், ஒன்றோடொன்று உருகி ஒட்டி ஒரே கட்டியாக. உருகி வழிந்த கண்ணாடிப் பாத்திரங்கள். கரியாகிப்போன உணவுப் பொருள்கள். இறந்தவர்களில் அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நடந்தது என்ன? ஏப்ரலிலிருந்தே மலை புகைந்தது, கந்தக நாற்றம் வீசியது, சாம்பல் விழுந்தது. பாம்பும் பூச்சிகளும் மலையிலிருந்து இறங்கி வந்தன. மே 5 அன்று வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருந்த கெரேன் சர்க்கரை ஆலையைக் கொதிக்கும் சேற்று வெள்ளம் மூடியது. ஆனால் ஊர் காலியாகவில்லை. மாறாக, மலையடிக் கிராமங்களிலிருந்து மக்கள் பாதுகாப்பு தேடி ஊருக்குள் வந்தார்கள். மே 11 அன்று தேர்தலின் இரண்டாம் சுற்று இருந்தது. ஆளுநர் மூத்தே மனைவியோடு வந்து ஊரிலேயே தங்கினார். இருவரும் அங்கேயே இறந்தார்கள்.

மே 8, வியாழக்கிழமை, இயேசு விண்ணேற்றப் பெருவிழா. காலை எட்டு மணி தாண்டி ஓரிரு நிமிடம். மலை வாயின் விளிம்பில் தென்மேற்குப் பக்கம் ஒரு பெரிய பிளவு இருந்தது. நெருப்புக் குழம்பு வழிந்து வரவில்லை. பல நூறு டிகிரிச் சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்த மேகம் அந்தப் பக்கமாகச் சரிந்து, மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஊரை மூடியது. இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 28,000-க்கும் மேல் என்பது வழக்கமான கணக்கு. பிறகு வந்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் அல்ஃப்ரெட் லக்ருவா இதற்கு வைத்த எரிமேகம் என்ற பெயர், எரிமலை அறிவியலில் நிலைத்துவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டு நாடக அரங்குக்குப் போங்கள். 1786-ல் கட்டியது. முன்னால் இரட்டைப் படிக்கட்டு மட்டும் முழுசாய் நிற்கிறது. ஏறிப் போனால் மேடை இருந்த இடத்தில் புல். பின்பக்கச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் சிபாரிஸின் சிறை அறை தெரியும். தனிக்கொட்டடிக் கைதி அவர். தடித்த கற்சுவர், முன்பக்கம் மட்டும் சின்னத் திறப்பு, அதுவும் மலையைப் பார்க்காத பக்கம். உடம்பெல்லாம் வெந்து, சில நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிறகு அமெரிக்கச் சர்க்கஸில் அவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். அந்த அறைக்குள் குனிந்து நுழைந்து நில்லுங்கள். எத்தனை குளிர்ச்சி, எத்தனை இருட்டு என்று தெரியும். உயிர் பிழைத்த இன்னொருவர் செருப்புத் தைக்கும் லேயாந்த்ர். அவரைப் பற்றி எந்த வேனும் பேசாது.

அரங்குக்குக் கீழே, கடலோரம், ஃபிகியே பகுதியின் கிடங்குச் சுவர்கள். பிறகு ரொக்ஸலான் ஆற்றின் மேல் உள்ள பழைய கற்பாலத்தைக் கடந்து வடக்கே ஃபோர் பகுதிக்குப் போனால் இடிந்த தேவாலயம். அங்கே கூட்டமே இருக்காது. பெரிய பெரிய கல் துண்டுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன, இடையில் கொடி படர்ந்திருக்கிறது. என் அளவில் ஊரிலேயே மனதை அதிகம் தொடும் இடம் அதுதான்.

திரும்பும்போது வீடுகளின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டே நடங்கள். பல வீடுகளில் முழங்கால் உயரம் வரை கறுத்த பழைய கல், அதற்கு மேல் புதுச் சுவர், சாயம். எரிந்த சுவரின் மேலேயே கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். 1910-ல் சேன் பியேர் என்ற ஊராட்சியையே அரசு ரத்து செய்தது. மக்கள் திரும்பி வந்து வந்து, 1923-ல் மறுபடி ஊராக்கினார்கள்.

மலையடியும் கடலடியும்: நேரம் இருந்தால்

ஊருக்கு மேலே மலைச்சரிவில் தெபாஸ் வடிசாலை. விக்டர் தெபாஸின் குடும்பம் முழுதும் 1902-ல் அழிந்தது. படிப்புக்காகப் பிரான்ஸில் இருந்ததால் அவர் மட்டும் தப்பினார். திரும்பி வந்து 1917-ல் அதே மண்ணில் ஆலையைத் தொடங்கினார். வெல்லப்பாகிலிருந்து இல்லாமல் கரும்புச் சாற்றிலிருந்தே நேராக ரம் காய்ச்சுவது இந்தத் தீவின் வழக்கம். குடிக்காதவர்களும் போகலாம், பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அரவைக் காலத்தில் நீராவி எந்திரம் ஓடுவதைப் பார்ப்பதே போதும்.

மலை ஏற விரும்பினால் அது தனி நாள். மோர்ன் ரூஜ் பக்கம் ஐலரோன் பாதைதான் வழக்கமானது. விடிந்தவுடன் தொடங்குங்கள், மழைச்சட்டை எடுங்கள். 2020 டிசம்பரில் மலையின் எச்சரிக்கை நிலையை மஞ்சளுக்கு உயர்த்தினார்கள், எனவே ஏறும் முன் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். இந்த மலையும் வடக்குச் சிகரங்களும் 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மலை வெடித்த அன்று துறையில் நின்ற கப்பல்கள் இன்னும் கடலடியிலேயே கிடக்கின்றன. பெரியது ரொரைமா, ஐம்பது மீட்டர் ஆழம், அனுபவமுள்ள முக்குளிப்பவர்களுக்கு மட்டும். புதியவர்களை ஆழம் குறைந்த இடங்களுக்கு அழைத்துப் போகிறார்கள்.

மறுநாள் காலை: பாஸ் புவான்த்

தங்குகிறவர்களுக்கு இது. மோர்ன் ரூஜ் வழியாக வடகிழக்குக் கரைக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பாஸ் புவான்த் வரும். அங்கே தோட்டங்களுக்கு நடுவே சிறிய இந்துக் கோயில்கள் இருக்கின்றன. ஒரேலியிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காக்கும் கோயில்கள். மாரியம்மனை மாரியெமேன் என்கிறார்கள். மதுரை வீரன் மால்தெவிலேன் ஆகியிருக்கிறார். குதிரை மேல் வாளோடு நிற்கிறார், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆடு வெட்டிப் படைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

பூசை நடந்தால் வாசலில் நின்று போன்ஜூர் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். படம் எடுக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் ஒழிய. "கூலி" என்ற சொல் அங்கே வசவு. வாயில் வரக் கூடாது. தமிழ் பேச எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பாட்டுக்களை ஒலியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நான் போனபோது பூசாரி பாடிய வரிகளில் எனக்கு "அம்மா", "வாடி", "தாயே" மூன்றும்தான் பிடிபட்டன. முடிந்ததும் அவர் பிரெஞ்சில் என்னிடம் கேட்டார்: "நான் சரியாகச் சொன்னேனா?" சரியாகத்தான் சொன்னீர்கள், ஐயா என்றேன். முன்கூட்டியே பழைய மாரியம்மன் தாலாட்டில் நாலு வரி கற்றுக்கொண்டு போங்கள். கேட்பார்கள்.